கிளட்ச் இறுக்கம்

ஏப்ரல் 6, ஞாயிறு

கண்டக்டர் கைக்கு எழுதாமல் இருக்க முடியாது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதியே பழகிவிட்டது. லீவில் வீட்டில் இருக்கும் எனக்கு எழுத ஒன்றும் கிடைக்காமல், நேற்று காலண்டரில் யார் யார் நம் வீட்டுக்கு வந்து போனார்கள் என்று குறித்து வைத்தேன். ஆவுடை பார்த்துவிட்டு, சங்கத்தில் கொடுத்த டைரியை என் மடியில் போட்டாள். "இதுல எழுதுங்க. காலண்டரை விட்டுருங்க. விசேஷ நாளே தெரிய மாட்டேங்குது" என்றாள். ஆவுடை என் மனைவி. டைரி அவள் போட்ட உத்தரவு.

லீவுக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மாசியில் ஒரு நாள் வண்ணார்பேட்டை தாண்டும்போது பஸ்ஸில் ஒரு சின்ன மயக்கம். இடது கையில் இருந்த டிக்கெட் மிஷின் நழுவி ஒரு அம்மாவின் கருவாட்டுக் கூடைக்குள் விழுந்தது. அந்த அம்மா எடுத்துத் துடைத்து நீட்டினாள். வாங்கக் கை எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். இப்போது எல்லாம் சரி. இடது கை மட்டும் சில நேரம் நான் சொல்வதைத் தாமதமாகக் கேட்கிறது. வீட்டில் மற்ற இரண்டு பேர் கேட்பதே இல்லை. அதற்கு இது எவ்வளவோ தேவலை.

இன்றைய விசேஷம்: உலகுவுக்கு வேலை கிடைத்துவிட்டது. உலகம்மாள், எங்கள் ஒரே மகள். முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். அந்தப் பக்கம் போகிற பஸ், முதல் பாடவேளை முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். பஸ்ஸைப் பற்றி எனக்கா தெரியாது?

"நான் இருக்கேன்லா. ஸ்கூட்டர்ல கொண்டு விடுதேன்" என்றேன். பால்வாடியிலிருந்து காலேஜ் வரை அப்படித்தான் கொண்டு விட்டேன். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் யோசனையே எனக்கு வந்ததில்லை, அப்பன் நான் இருக்கும்போது எதற்கு என்று.

ஆவுடை கரண்டியோடு வெளியே வந்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு? வண்டியைத் தொடக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா?"

"ஓட்டக் கூடாதுன்னுதான் சொன்னாரு. அதுவும் மே கடைசியில பாத்துக்கிடலாம்னு சொன்னாரு. தொடுறதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அந்த வண்டியை ஓட்டணும்னாலும் ஓட்ட முடியாதுப்பா. செத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆச்சு" என்றாள் உலகு.

அதுவும் உண்மைதான்.

ஏப்ரல் 9, புதன்

இன்று சாக்கை விலக்கினேன். பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். புகை கக்கிக் கக்கி, கடைசியில் ஒரு நாள் மார்க்கெட் முன்னால் நின்றுபோனது. அன்றிலிருந்து வாசலில் சாக்குப் போர்த்தி நிற்கிறது. மெக்கானிக்கிடம் போனில் கேட்டதற்கு, "அண்ணாச்சி, எடைக்குப் போட்டுட்டு ஒரு புது வண்டி வாங்குங்க" என்றான். பார்க்காமலே சொல்கிறான்.

எனக்கு எஞ்சின் தெரியாது. இத்தனை வருஷமும் வண்டியிலேதான் பிழைப்பு என்றாலும், ஓட்டுகிறவர் வேறு ஆள். நான் விசில் ஊதினால் போகும், ஊதினால் நிற்கும். என் எஞ்சின் ஞானம் அந்த விசிலோடு முடிந்தது. எனக்கென்று நானே ஓட்டிய வண்டி இந்த ஸ்கூட்டர் ஒன்றுதான். அதனால் இதை எடைக்குப் போட மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு படித்த எனக்கு இதைக் கழற்றத் தெரியாதா? கழற்ற யாருக்கும் தெரியும். மாட்டுவதற்கு உலகு போனில் வீடியோ பார்த்துச் சொல்கிறாள்.

எஞ்சின் பக்கத்து மூடியைத் திறந்ததும் எலிக்கூடு. பஞ்சு, காகிதம், தேங்காய் நார். நடுவில் ரோஸ் நிறத் துணி. ஆவுடை எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. போன தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்துவிட்டேன் என்று அவள் சாதித்த ரவிக்கைத் துணி. டெய்லர்தான் அமுக்கிவிட்டார் என்று தெருவே கேட்க அவரிடம் சண்டை போட்டவள் இவள்.

"டெய்லர்ட்ட யாரு போய்ச் சொல்ல?" என்று கேட்டேன்.

"எலியைப் போகச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை வருஷப் பிறப்பு. ஆவுடை குத்துவிளக்கு, செம்பு எல்லாம் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போவது அதன் வழியாகத்தான். பழைய பெட்ரோல் உள்ளே காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் போகும் ஜெட் என்ற துணுக்குப் பித்தளை, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அடியோடு அடைத்திருந்தது.

"பித்தளைதானே? இங்க போடுங்க" என்று ஆவுடை புளித்தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினாள். போட்டேன். அரை மணி நேரத்தில் ஜெட் தங்கம் மாதிரி மின்னியது. வயரிலிருந்து ஒரு மெல்லிய செம்பு இழையைப் பிரித்து உள்ளே விட்டு எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரிந்தது. எஞ்சின் வேலையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி, புளியால்.

"உங்களுக்கும் இப்படித்தானே. ரத்தம் போற வழியில ஒரு சின்ன அடைப்பு" என்றாள் ஆவுடை, செம்பைத் தேய்த்தபடி.

"அப்ப எனக்கும் புளி போட்டிருக்கலாம். ஒரு வாரம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மிச்சம்."

அவள் செம்பை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அதற்குப் பிறகு ஜெட் இடது கையிலிருந்து விழுந்து மண்ணில் போய்விட்டது. அவ்வளவு சின்னச் சாமான் யார் கையில்தான் நிற்கும்? மூன்று பேரும் மாவு சலிக்கும் சல்லடையால் வாசல் மண்ணைச் சலித்தோம். கிடைத்தது. உலகு உள்ளே போய்த் தாம்பூலத் தட்டை எடுத்து வந்து என் கைக்கு நேர் கீழே வைத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மழைத் தூறல். ஸ்பார்க் பிளக் மட்டும் தேய்த்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பக்கத்து வீட்டுக் கோயில்பிள்ளை சார், ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே பிரியாணித் தூக்குவாளியை நீட்டினார். நீட்டியவர் போகவில்லை. எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி நான் தட்டில் வைத்திருப்பதைப் பார்த்தார்.

"என்னவே மாடசாமி, வண்டிக்குப் போஸ்ட்மார்ட்டமா?"

"ஆபரேஷன் சார்."

"பொழைக்குமா?"

"டாக்டர் நான்தானே. சொல்ல முடியாது."

பிஸ்டன் தலையில் கரி அடை மாதிரி பிடித்திருந்தது. இரும்பால் சுரண்டினால் கீறல் விழும் என்று வீடியோக்காரன் சொன்னானாம். ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டினேன். இதற்காகவே உலகுவும் நானும் ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டியிருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைக் கழற்றும்போது ஒன்று உடைந்துவிட்டது. வார்ப்பிரும்பு, கொஞ்சம் விரித்தாலே முறியும். எப்படியும் தேய்ந்துபோனதுதான். புகைக்குக் காரணமே இந்த ரிங்தான் என்று இப்போது நான் பெரிய ஆள் மாதிரி எழுதுகிறேன்.

பிரியாணி நன்றாக இருந்தது. லேசாகப் பெட்ரோல் வாசம், அது என் கையால்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் தேடிப்பிடித்து உலகு புது ரிங்கும், கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கட்டும் வாங்கி வந்தாள். இன்று பிஸ்டனுக்கு மேல் சிலிண்டரை இறக்கினோம். ரிங் இரண்டையும் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சிலிண்டரை நேராக இறக்க வேண்டும். வீடியோவில் ஒரு ஆள் தனியாகவே செய்கிறான். எனக்கு ரிங் நழுவி நழுவிப் போனது. எண்ணெய் அதிகம் போட்டுவிட்டேன், அதுதான்.

"நான் அமுக்குதேன். நீங்க மேலே இருந்து இறக்குங்கப்பா" என்றாள் உலகு. அவள் விரல்கள் ரிங்கைச் சுற்றி வளையல் மாதிரி நின்றன. நான் வலது கையால் சிலிண்டரை இறக்கினேன். 'டப்' என்று உட்கார்ந்தது.

"இது ரெண்டு பேர் வேலைட்டி."

"அந்த ஆளு ஒத்தையிலே செஞ்சானே?"

"பாவம், அவனுக்கு மக கிடையாது போல."

அவள் ஒரு நிமிஷம் என் இடது கையைப் பார்த்தாள். அப்புறம் தட்டில் இருந்த நட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சைலன்சருக்குள் கரி. கொல்லையில் தேங்காய் மட்டையை மூட்டி அதன் நடுவில் சைலன்சரைப் போட்டு எரித்தேன். பழைய எண்ணெயெல்லாம் புகைந்து தெரு முழுக்கக் கருமேகம். நாலு வீட்டுத் துணிகள் அவசரமாகக் கொடியிலிருந்து இறங்கின. கோயில்பிள்ளை சார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"மாடசாமி, புதுப் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்க ரோம்ல விடுற புகை இப்ப இங்கேருந்தா?"

ஆவுடை டெய்லரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாளாம். அவர் சந்தோஷத்தில் ஒரு ரவிக்கை இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்றாராம். எலிக்கு நன்றி.

மே 2, வெள்ளி

இன்றைய தேதியை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

கியர் ஆயில் புதிது. பெட்ரோலில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் கலந்து ஊற்றினேன். உலகு போனைத் தயாராக வைத்திருந்தாள். ஆவுடை ஹேண்டிலுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்தாள். ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைப்படி, வண்டியை எஞ்சின் பக்கமாகக் கொஞ்ச நேரம் சாய்த்துப் பிடித்து, சோக்கை இழுத்து, உதைத்தேன். ஒன்றுமில்லை. உதைத்தேன். ஒன்றுமில்லை. வேட்டியை மடித்துக் கட்டி உதைத்தேன். ஒரு தும்மல். மறுபடி உதைத்ததும் வாசல் நிறைய நீலப்புகையும், அதற்கு நடுவில் அந்தச் சத்தமும். டுடுடுடு என்று, ஒன்றரை வருஷமாகப் பேசாமல் இருந்தவள் ஒரேயடியாகப் பேசின மாதிரி.

உலகு குதித்தாள். ஆவுடை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கொசு மருந்து வண்டியா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

ஏறி உட்கார்ந்தேன். ஓட்ட அல்ல, சும்மா. இந்த வண்டியில் எல்லாம் இடது கையில்தான். கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே மணிக்கட்டைத் திருகினால் கியர் விழும். கிளட்சைப் பிடித்தேன்.

இறுக்கமாக இருந்தது. பாதிக்கு மேல் வரவில்லை. ஒன்றரை வருஷம் நின்ற வண்டி, கேபிள் துருப்பிடித்திருக்கும். நாளை எண்ணெய் விட வேண்டும்.

மே 4, ஞாயிறு

கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். மேல் நுனியில் ஒரு பலூனைக் கட்டி அதற்குள் எண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டால் தானாக இறங்குகிறது. நல்ல யோசனை, என்னுடையது. கிளட்ச் இன்னும் இறுக்கம்.

மே 7, புதன்

புதுக் கேபிள் போட்டோம். இறுக்கம் போகவில்லை. இந்தக் காலத்துக் கேபிள் எதுவும் சரியில்லை.

மே 11, ஞாயிறு

கிளட்சையே திறந்தோம். பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டு, ஸ்பிரிங்கைக் கழுவி மாட்டினோம். முழு நாளும் போனது. சாயங்காலம் கோயில்பிள்ளை சார் உள்ளே வந்து, கேட்காமலே லீவரை இரண்டு விரலால் அமுக்கினார்.

"வெண்ணெய் மாதிரில்லா இருக்கு வே. இதுல என்ன இறுக்கம்?"

படம் வரைகிறவருக்கு எஞ்சின் பற்றி என்ன தெரியும். அவர் என்னைப் பார்த்தார், ஆவுடையைப் பார்த்தார், பிறகு மாம்பழம் விலை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர் போன பின் உலகு வந்து லீவரைப் பிடித்துப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு அமுக்குகிற மாதிரி அமுக்கினாள். "ஆமாப்பா. இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கு எவ்வளவு ஆறுதல்! படித்த பிள்ளை, அவளுக்குத் தெரிகிறது.

மே 13, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் பந்து, சிரிக்கிற முகம் போட்டது, இத்தனை நாள் எஞ்சின் மூடி கீறாமல் இருக்க அடியில் முட்டுக் கொடுத்திருந்தேன். அதை இடது கையால் தினமும் அமுக்கச் சொல்லியிருந்தார்கள். ஐம்பது வயசுக்கு மேல் பந்து விளையாடுவதா என்று விட்டுவிட்டேன். இன்று எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேபிள் பழகும் வரைக்கும் கையும் கொஞ்சம் பழகட்டும். அவ்வளவுதான்.

பாத்ரூமில் அமுக்கினேன். பந்து சிரித்துக்கொண்டே இருந்தது.

மே 16, வெள்ளி

பெட்ரோல் எங்கேயோ கசிகிறது. ஊற்றியதற்கும் இருப்பதற்கும் பொருத்தமில்லை. குழாய் வாஷரை மாற்றினேன்.

மே 19, திங்கள்

அடியில் நியூஸ்பேப்பர் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஆனால் பெட்ரோல் குறைகிறது. அக்னி நட்சத்திர வெயில், ஆவியாகிறது போல.

இன்னொரு விசித்திரம். காலையில் வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்த வண்டி சாயங்காலம் வீட்டைப் பார்த்து நிற்கிறது. "கோலம் போடத் தள்ளினேன்" என்றாள் ஆவுடை. மத்தியானத்திலா? கேட்கவில்லை. மாத்திரை போட்டால் மத்தியானம் நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுகிறேன். வீட்டுக்குள் பஸ் வந்தாலும் தெரியாது.

மே 21, புதன்

கோயில்பிள்ளை சார் முட்டியில் பிளாஸ்திரி. வாக்கிங் போனபோது விழுந்துவிட்டாராம். மத்தியான வெயிலில் யாராவது வாக்கிங் போவார்களா? "வைட்டமின் டி வே" என்றார். உலகு முழங்கையிலும் ஒரு சிராய்ப்பு. கதவில் இடித்துக்கொண்டாளாம். தெருவில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் கண்டம்.

மே 24, சனி

எஞ்சின் சத்தம் மாறியிருக்கிறது. மோசமாக இல்லை, நன்றாக. புது ரிங் ஓடி ஓடித்தான் படியும் என்று சொல்வார்கள். இது ஓடாமலே படிந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். செங்கல் பொடி நிறம். நன்றாக ஓடுகிற எஞ்சினுக்குத்தான் அந்த நிறம் வருமாம்.

என் கைராசி என்று எழுதிக்கொள்கிறேன்.

மே 28, புதன்

டாக்டரைப் பார்க்கப் போனோம். கை குலுக்க நீட்டினார். வலது கையைக் கொடுத்தேன். "அது இல்ல, அந்தக் கை" என்றார். கொடுத்தேன். "அமுக்குங்க, நல்லா அமுக்குங்க" என்றார். அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

முன்னைக்கு இப்போது நல்ல முன்னேற்றம் என்றார். பஸ் வேலை, வண்டி எல்லாம் இன்னும் மூன்று மாதம் கழித்து யோசிக்கலாம் என்றார். டிபார்ட்மெண்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு வாங்கச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரர்தான் பேசிக்கொண்டே வந்தார், அவர் மச்சினன் நிலப் பிரச்சினை பற்றி. நல்ல மனுஷன்.

ஜூன் இரண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. டாக்டர் அவர் கையை அமுக்கச் சொன்னார். கிளட்சை அல்ல.

மே 31, சனி

விடிந்ததும் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஸ்டார்ட் ஆக ஒரே உதைதான். வாசலை விட்டு இறங்கித் தெருவில் நின்றேன். தெரு காலி. கிளட்சைப் பிடித்தேன். வந்தது. முழுக்க வந்தது. பந்துக்கு நன்றி என்று நினைத்தேன். மணிக்கட்டைத் திருகினேன், முதல் கியர் விழுந்தது. மெதுவாக விட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இருபது வருஷம் செய்தது. உலகுவை முன்னால் நிற்க வைத்து, ஆவுடையைப் பின்னால் உட்கார வைத்து, கையில் காய்கறிப் பையோடு செய்தது.

விரல்கள் என்னைக் கேட்காமல் மொத்தமாக விட்டுவிட்டன.

வண்டி துள்ளிப் போய்க் கோயில்பிள்ளை சார் வீட்டுச் செம்பருத்திச் செடிக்குள் புகுந்து நின்றது. நான் அதற்கு முன்பே இறங்கிவிட்டேன், உட்கார்ந்த நிலையில், மண்ணில். அடி ஒன்றும் இல்லை. வேட்டி மட்டும் வீணாகிவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை, செடிக்குள் இருந்தபடி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆவுடை ஓடி வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், தலையிலிருந்து கால் வரை. பிறகு போய் எஞ்சினை நிறுத்தினாள். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்து என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"கேபிள்..." என்று ஆரம்பித்தேன்.

"கேபிளை விடுங்க" என்றாள். என் இடது கையை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "பால் வாங்கலையா?"

"வாங்கல."

"சரி. இன்னைக்கு கட்டங்காப்பி."

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் மாத்திரை போடவில்லை. தூக்கமும் வரவில்லை. உலகுவைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஆட்டோ சொல்லிருவோம்ட்டி. அப்புறம் பள்ளிக்கூடத்துல கேட்டு நேரத்தை மாத்திக்கிடலாம். வண்டி நம்பி ஏறுற மாதிரி இல்ல."

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். ஆவுடை கூரையைப் பார்த்தாள். உலகு உள்ளே போய் ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்தாள். அதில் சிவப்பில் பெரிதாக எல் என்று எழுதியிருந்தது. எழுத்து அவ்வளவு அழகு, டிராயிங் மாஸ்டர் எழுதியது என்று குருடனுக்கும் தெரியும். கூடவே வண்டி பழகுவதற்கான லைசென்ஸ், அவள் போட்டோ ஒட்டியது, கியர் வண்டிக்கு. தேதி மே மாசம் முதல் வாரம்.

பெட்ரோல் எங்கே ஆவியானது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முட்டிப் பிளாஸ்திரி, முழங்கை, மத்தியானக் கோலம், செங்கல் நிறப் பிளக். கண்டக்டர் வேலையில் டிக்கெட் எடுக்காமல் ஒளிகிற ஆளை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவன் நான். என் வீட்டு வாசலிலேயே மூன்று பேர் ஒரு மாசமாக டிக்கெட் இல்லாமல் போய் வந்திருக்கிறார்கள்.

"சொல்லலாம்லா?" என்றேன்.

"சொன்னா நீங்க கிளட்சைப் பழுது பாக்குறதை நிறுத்திருப்பீங்க" என்றாள். பிறகு அவசரமாக, "நாளைக்கு ஒரு சிக்கல் இருக்குப்பா. எல் போர்டுன்னா நான் ஒத்தையில போகக் கூடாது. பின்னால லைசென்ஸ் உள்ள ஆளு இருக்கணும். சட்டம்."

"கோயில்பிள்ளை சார்ட்ட இருக்கே."

"அவரு வர மாட்டேன்னுட்டாரு. முட்டி போச்சாம். செம்பருத்தியும் போச்சாம்."

சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

"என்கிட்ட இருக்கு" என்றேன். பர்ஸை எடுத்துப் பார்த்தேன். காலாவதி ஆகவில்லை. அதில் இருப்பவனுக்கு இன்னும் மீசை கறுப்பு.

ஜூன் 2, திங்கள்

காலையில் அவள் நீல நிறச் சேலையைக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகி, ஹெல்மெட் போட்டாள். வண்டியை எஞ்சின் பக்கம் சாய்த்தாள். சோக். ஒரே உதை. நான் கற்றுக்கொடுக்காததெல்லாம் என்னைப் போலவே செய்தாள். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டிலிருந்து இந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை. ஆவுடை சாப்பாட்டுத் தூக்கை என் மடியில் வைத்தாள்.

உலகு கிளட்சைப் பிடித்தாள், கியர் போட்டாள். போகவில்லை. அப்படியே நின்றாள்.

"என்னட்டி?"

"நீங்க சொல்லாம எப்படி எடுக்க?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டேன். பந்துக்கு அடியில் விசில் கிடந்தது. பழக்கத்தில் தினமும் பையில் போட்டுக்கொள்வதுதான், லீவில் வந்த நாளிலிருந்து ஊதவில்லை. வாயில் வைத்து இரண்டு ஊது ஊதினேன். தெரு நாய் எழுந்து பார்த்தது. கோயில்பிள்ளை சார் வாசலில் நின்று சல்யூட் அடித்தார்.

"போலாம் ரைட்!"

வண்டி ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பியது. முன்னீர்பள்ளம் வரை இரண்டு இடத்தில் கியரைத் தாமதமாக மாற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. டிரைவருக்கு யோசனை சொல்கிற கண்டக்டர் நல்ல கண்டக்டர் இல்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். எங்கேயும் தட்டல் இல்லை, விக்கல் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, சேலையைத் தட்டி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பெல் அதற்குப் பிறகுதான் அடித்தது.

திரும்ப பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் நம்ம டெப்போ எபனேசர். "என்னண்ணே, ரெஸ்ட் எடுக்கச் சொன்னா டிக்கெட் எடுக்கீங்க?" என்றான். "தினமும் எடுப்பேன்டே. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மக லைசென்ஸ் வாங்குற வரைக்கும்" என்றேன். உட்கார இடம் கொடுத்தான். வேண்டாம் என்று கம்பியைப் பிடித்து நின்றேன், இடது கையால். வளைவில் ஒரு தடவை நழுவியது. மறுபடி பிடித்தேன்.

சாயங்காலம் மறுபடி போய் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டு வாசலில் நிறுத்தினாள். எஞ்சின் சூடு ஆறும்போது கேட்கும் டிக் டிக் சத்தம். முதல் நாள் எப்படி என்று ஆவுடை கேட்டாள். நான் கேட்க வேண்டியது வேறு.

"கிளட்ச் எப்படிட்டி இருக்கு?"

"வெண்ணெய் மாதிரி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பின்னே எப்படி இருக்கும்?" என்றேன். "ரிப்பேர் பாத்தது யாரு?"